சிப்பிப் பெட்டியும் சொற்பெட்டியும்



தூத்துக்குடியில் பிறந்த பிள்ளைகளின் வீட்டில் ஒரு சிப்பிப் பெட்டி இல்லாமல் இருக்குமா? பழைய செருப்புப் பெட்டியோ, பிஸ்கட் டப்பாவோ, பாட்டியின் வெற்றிலைப் பெட்டியோ, ஏதோ ஒன்றில் நாலு சோழியும் ஒரு சங்கும் கிடந்து உருளும். நாங்கள் மூவரும் ஆறாம் வகுப்பிலிருந்தே ஒரே பெஞ்சில் அமர்ந்து வருகிறவர்கள். எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே பெட்டி இருந்தது. முயல் தீவுக்குப் போனாலும், முத்துநகர் கடற்கரைக்குப் போனாலும், திருச்செந்தூருக்கோ மணப்பாட்டுக்கோ போனாலும், திரும்பி வரும்போது எங்கள் கைக்குட்டையில் ஒரு முடிச்சு இருக்கும். நான்கு ஆண்டுகளில் பெட்டி நிறைந்து, இரண்டாவது பெட்டியும் பாதி நிறைந்தது.

இந்த ஆண்டு அந்தப் பெட்டியை மூடிவிட்டோம். ஏன் மூடினோம், அதற்குப் பதிலாக எதைச் சேர்க்கத் தொடங்கினோம் என்று சொல்லவே இக்கட்டுரை. ‘பத்தாம் வகுப்பில் படிப்பை விட்டுவிட்டு இது தேவையா?’ என்று கேட்காமல், பொறுமையோடு படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. மனிதர் ஏன் பொருள்களைச் சேகரிக்கிறார்கள்? பசிக்கு உதவாத தபால் தலையையும், கடையில் செல்லாத பழைய நாணயத்தையும், காதுக்கும் கழுத்துக்கும் ஆகாத கிளிஞ்சலையும் ஏன் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள்?

நாங்கள் மூவரும் இதைப் பற்றி மதிய உணவு இடைவேளைகளில் நிறையவே வாதாடினோம். ஒருத்தி சொன்னாள், ஞாபகத்துக்காகத்தான் என்று. இந்தச் சோழி அத்தை கல்யாணத்துக்குப் போனபோது எடுத்தது, அந்தச் சங்கு பனிமய மாதா திருவிழாவுக்கு மறுநாள் எடுத்தது என்று ஒவ்வொன்றும் ஒரு நாளைச் சுமந்துகொண்டிருக்கிறது. இன்னொருத்தி சொன்னாள், குறையை நிரப்பத்தான் என்று. பத்து வகை இருந்தால் பதினோராவது வகை எங்கே என்று மனம் தேடுகிறது. மூன்றாமவள் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னாள்: “மத்தவங்ககிட்ட இல்லாதது நம்மகிட்ட இருக்குன்னு ஒரு பெருமைதான்.” அவள் சொன்னதை மறுக்க எங்களுக்கு வாய் வரவில்லை.

அந்தப் பெருமைக்கு உலக வரலாற்றில் நல்ல சாட்சி உண்டு. ‘கடலின் மகிமை’ என்று பொருள்படும் பெயருடைய ஒரு கூம்புச் சங்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டிலிருந்து ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக் காலம் உலகம் முழுவதிலும் சில டஜன் சங்குகள் மட்டுமே அறியப்பட்டிருந்தன. ஐரோப்பியச் செல்வர்கள் அதற்காகப் பெரும் பணம் கொடுத்தனர். 1969-ஆம் ஆண்டில் சாலமன் தீவுகளில் உள்ள குவாதல்கனால் அருகே அது வாழும் இடம் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு ஏராளமாகக் கிடைத்தது. விலையும் இறங்கியது. சங்கின் அழகு ஒரு துளியும் குறையவில்லை. குறைந்தது அதன் அருமை மட்டுமே. அப்படியானால் அவர்கள் இத்தனை காலம் விரும்பியது அழகையா, அருமையையா?

வெளிநாட்டுக்குப் போவானேன்? நம் ஊர் வலம்புரிச் சங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சங்கும் வலம்புரிச் சங்கும் ஒரே இனம்தான். உள்ளே வாழும் உயிரும் ஒன்றுதான். சுருள் சுற்றும் திசை மட்டுமே வேறு. அது அரிதிலும் அரிது என்பதால் அதற்கு அத்தனை மதிப்பு.

சிப்பி மோகம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு இன்னொரு வேடிக்கை. 1830-களில் இலண்டன் நகரில் மார்கஸ் சாமுவேல் என்னும் வணிகர் கீழை நாடுகளிலிருந்து வந்த சிப்பிகளை விற்று வந்தார். பின்னாளில் அவருடைய மகன்கள் எண்ணெய் வணிகத்தில் இறங்கினர். 1897-ஆம் ஆண்டில் தொடங்கிய தங்கள் நிறுவனத்துக்கு ‘ஷெல்’, அதாவது சிப்பி என்றே பெயர் வைத்தார்கள். எண்ணெய்க் கப்பலின் பெயர் ஒரு சிப்பிப் பெட்டியிலிருந்து பிறந்தது என்றால் வியப்பாக இல்லையா?

மனிதர் மட்டுமா சேர்க்கிறார்கள்? ஆழக் கடலில் ஒரு வகைச் சங்கு உண்டு. அது வளர வளர, கடலடியில் கிடக்கும் வெற்றுச் சிப்பிகளையும் சிறு கற்களையும் எடுத்துத் தன் ஓட்டின் விளிம்பில் வரிசையாக ஒட்டவைத்துக்கொள்ளும். சிப்பி சேர்க்கும் சங்கு! இதைப் படித்தபோது எங்களுக்கு ஒரே குதூகலம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அதற்கு அது தேவை. பகையின் கண்ணிலிருந்து மறையவும், சேற்றில் புதையாமல் இருக்கவும் அந்த ஒட்டு வேலை உதவுகிறது என்கிறார்கள். எங்கள் பெட்டி எங்களுக்கு எதற்கு உதவியது?

இனி, பெட்டியை மூடிய கதைக்கு வருவோம்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை முயல் தீவில் அழகான ஐவிரல் சங்கு ஒன்று கிடைத்தது. நீர் வடிந்த இடத்தில், பாசி படிந்து கிடந்தது. செத்ததுதான் என்று எண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கடைக்காரர்கள் செய்வது போலக் கொதிக்கும் நீரில் போட்டால் பாசி போய்ப் பளபளப்பாகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அடுப்பில் ஏற்றினோம். சற்று நேரத்தில் வீடெல்லாம் ஒரு வாடை. மூடியைத் திறந்து பார்த்தால், சங்கின் வாயிலிருந்து சதை பாதி வெளியே வந்து வெந்து கிடந்தது. அது உயிரோடு இருந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் எங்கள் கைக்குட்டைக்குள் அது அசையாமல் ஒடுங்கிக் கிடந்திருக்கிறது. அதை நாங்கள் சாவு என்று நினைத்துவிட்டோம்.

அன்று எங்களில் ஒருத்தி சாப்பிடவில்லை. “மீன் குழம்பு மட்டும் சாப்பிடுகிறோமே?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். மீன் பிடிப்பது நம் கரையின் பிழைப்பு. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. மீன் ஒரு குடும்பத்தின் வயிற்றுக்குப் போகிறது. அந்தச் சங்கோ ஒரு செருப்புப் பெட்டிக்குப் போவதற்காகச் செத்தது. அந்த வேறுபாடுதான் எங்களைச் சுட்டது.

மறுநாள் எங்களில் ஒருத்தியின் பாட்டாவிடம் போய்ச் சொன்னோம். பாட்டா இளமையில் சங்கு குளித்தவர். அவர் சின்னப் பையனாக இருந்தபோது, 1961-ஆம் ஆண்டில், தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. 1955-ஆம் ஆண்டு தொடங்கி 1961 வரை தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்பு அத்தோடு நின்றுவிட்டது. அவருடைய அப்பா அதில் குளித்தவர். பாட்டா எங்களைத் திட்டவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “எடுக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது மக்கா, விடவும் தெரியணும்.”

பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது, முத்துக்குளித்துறை என்று பேர் பெற்ற இந்தக் கரையில் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததே இல்லை என்று. முத்துச் சிப்பி வளரும் கடலடிப் பாறைத் திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். ‘தொள்ளாயிரம் பார்’ அவற்றுள் பேர்போனது. முதலில் பாரில் இறங்கிச் சிறிதளவு சிப்பியை எடுத்துப் பார்ப்பார்கள். சிப்பி முதிரவில்லை என்றால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. சில வேளைகளில் பல ஆண்டுகள் தொடர்ந்து குளிப்பே இராது. சங்கிலும் அப்படித்தான்: குறித்த அளவுக்குச் சிறிய சங்கைக் கடலிலேயே திரும்ப விட்டுவிட வேண்டும் என்று விதி. முத்துக்காகவும் சங்குக்காகவும் உயிரைப் பணயம் வைத்தவர்களே அளந்து எடுத்தார்கள். பொழுதுபோக்குக்குப் பொறுக்கிய எங்களிடம் அளவே இல்லை!

நாங்கள் பெட்டியைக் கொட்டிக் கணக்கெடுத்தோம். வெட்கப்பட வேண்டியிருந்தது. ஒரு பவளக் கொம்புத் துண்டு, காய்ந்த கடற்குதிரை ஒன்று. பவளத்தையும் கடற்குதிரையையும் கடல் அட்டையையும் சில வகைச் சங்குகளையும் 2001-ஆம் ஆண்டிலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை எடுத்துச் சொன்னார். ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஒன்று இருந்தது. காய்ந்த பாசி என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது சங்கின் முட்டைக் கூடு என்று பாட்டா சொன்னார்.

‘மூன்று பெண்பிள்ளைகள் நாலு சிப்பி எடுத்தால் கடல் வற்றிவிடுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். ஸ்பெயின் நாட்டின் ஒரு கடற்கரையில் ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளியில் கிளிஞ்சல்களை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணியர் கூட்டம் பெருகப் பெருக, கரையில் கிடக்கும் கிளிஞ்சல் பாதிக்கும் மேல் குறைந்துபோயிற்று என்று 2014-ஆம் ஆண்டு வெளிவந்த அந்த ஆய்வு சொல்கிறது. வெற்றுச் சிப்பிதானே என்று எண்ணவும் கூடாது. துறவி நண்டுக்கு வெற்றுச் சங்குதான் வீடு. அது வளரும்போதெல்லாம் பெரிய வீடு தேடி அலையும். சிப்பி நொறுங்கி மணலாகிக் கரைக்கே வலிமை தரும். நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சேர்த்து 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்தார்கள். நம் தூத்துக்குடிக்கு அருகில் இருந்த விலாங்குசல்லித் தீவு இன்று நீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் சுற்றியிருந்த பவளப் பாறைகளைப் பல காலம் பெயர்த்தெடுத்ததே அதற்குப் பெரிய காரணம் என்கிறார்கள். ஒவ்வொரு தோணியும் ‘நாலு கல்தானே’ என்றுதான் ஏற்றியிருக்கும்.

அப்படியானால் சேகரிப்பே பாவமா? இல்லை. அப்படிச் சொன்னால் நன்றி கெட்டவர்கள் ஆவோம். தூத்துக்குடியில் முத்து, சங்குத் துறைகளைக் கவனித்து வந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயர் 1914-ஆம் ஆண்டில் நம் சங்கைப் பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டார். நம் ஊரில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்துச் சிப்பியைச் சேகரித்து ஆராய்ந்ததால்தான் 1973-ஆம் ஆண்டில் வளர்ப்பு முத்தை உருவாக்க முடிந்தது. இவர்களுடைய சேகரிப்புக்கும் எங்களுடையதற்கும் என்ன வேறுபாடு? எங்கள் ஆசிரியை ஒரே கேள்வியில் புரியவைத்தார். ஒரு சோழியைக் கையில் எடுத்து, “இதை எந்த இடத்தில், எந்த நாளில் எடுத்தீர்கள்?” என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. ஞாபகத்துக்காகச் சேர்க்கிறோம் என்று வாதாடியவளுக்கே பாதிக்கு மேல் ஞாபகம் இல்லை! இடமும் நாளும் பெயரும் எழுதி வைத்திருந்தால் அந்தப் பெட்டி ஓர் அறிவுக் களஞ்சியமாக இருந்திருக்கும். எழுதாததால் அது வெறும் குவியல்.

சரி, சேர்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? பழைய பொழுதுபோக்கை விட்டால் புதியது ஒன்று வேண்டுமே! முதலில் தபால் தலை சேர்க்கலாம் என்றாள் ஒருத்தி. ஆனால் எங்கள் வீடுகளுக்கு இப்போது கடிதமே வருவதில்லை. கடையில் வாங்கி ஒட்டுவதில் தேடும் இன்பம் இல்லை. கைப்பேசியில் சிப்பிகளைப் படம் எடுக்கலாம் என்றாள் இன்னொருத்தி. எடுத்தோம். ஒரு மாதத்தில் அறுநூறு படம் சேர்ந்தது. ஒன்றையும் இரண்டாவது முறை பார்க்கவில்லை. அதுவும் பெயர் எழுதாத குவியல்தான்.

வழி பாட்டாவிடமிருந்தே வந்தது. சங்கு எவ்வளவு ஆழத்தில் கிடக்கும் என்று கேட்டோம். “எட்டு பாகம், பத்து பாகம்” என்றார். பாகம் என்றால் என்ன என்று விழித்தோம். எழுந்து நின்று இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். அதுதான் ஒரு பாகம். எங்கள் கணக்குப் புத்தகத்தில் மீட்டர் இருக்கிறது, அடி இருக்கிறது. எங்கள் கரையின் அளவு இல்லை. அன்று ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் சொல்லாகப் ‘பாகம்’ என்று எழுதினோம்.

அதிலிருந்து எங்கள் சேகரிப்பு சொற்கள்தாம். நம் கடற்கரைச் சொற்கள்! பாடு என்றால் வலையில் கிடைத்தது. தண்டல் என்றால் தோணியைச் செலுத்தும் தலைவர். சம்மாட்டி என்றால் படகுக்கு உரியவர். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு எத்தனை பெயர்கள்! யானை முள்ளி, குதிரை முள்ளி என்று சங்குக்கு எத்தனை பெயர்கள்! நான்கு ஆண்டுகள் அந்தச் சங்குகளைப் பெட்டியில் வைத்திருந்தும் அவற்றின் பெயர் எங்களுக்குத் தெரியாது. இப்போது சங்கு கடலில் இருக்கிறது. பெயர் எங்களிடம் இருக்கிறது.

இது எங்கள் கண்டுபிடிப்பு என்று மார்தட்ட முடியாது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதே கரையில் ஒருவர் இதைச் செய்திருக்கிறார். போர்ச்சுக்கல் நாட்டிலிருந்து வந்து புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார், கடற்கரை மக்கள் பேசிய தமிழைக் காதால் கேட்டுக் கேட்டுக் கற்று, அதற்கு இலக்கணமும் எழுதினார். 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தந்ததே. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சேறிய முதல் நூல் அது. அவர் 1600-ஆம் ஆண்டில் காலமானார். நம் தூத்துக்குடி மண்ணில்தான் அடக்கம் செய்யப்பட்டார். உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தபோது நம் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். அவர் சேர்த்ததை வீட்டில் பூட்டி வைக்கவில்லை. அச்சிட்டு எல்லார் கையிலும் கொடுத்தார். நம் காலத்தில் ஜோ டி குருஸ் நம் கரையின் பேச்சையே நாவலாக்கினார். அவருடைய ‘கொற்கை’ நாவலுக்கு 2013-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

சொல் சேர்ப்பதில் எங்களுக்குப் பிடித்தது ஒன்று உண்டு. சங்கை எடுத்தால் கடலில் ஒன்று குறையும். பாட்டாவிடமிருந்து ஒரு சொல்லை எடுத்தால் பாட்டாவிடம் ஒன்றும் குறைவதில்லை. மாறாக, நாங்கள் கேட்கக் கேட்க அவருக்கு மறந்துபோன சொற்களும் நினைவுக்கு வருகின்றன. சாயங்காலம் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தவரைச் சுற்றி இப்போது நாலு கிழவர்கள் கூடிவிடுகிறார்கள். ஒரு காற்றின் பெயரைப் பற்றி அவர்களுக்குள் சண்டையே வந்துவிட்டது!

எங்களுக்குள்ளும் ஒரு மனத்தாங்கல் உண்டு என்பதை மறைக்க மாட்டோம். எங்களில் ஒருத்தி இன்னமும் சொல்கிறாள்: “சொல்லைக் கையில் வச்சுத் தடவிப் பார்க்க முடியாதே! காதில் வச்சா இரைச்சல் கேட்காதே!” உண்மைதான். சிப்பியின் குளுமையைச் சொல் தராது. அவளுக்காக ஒரே ஒரு சங்கை மட்டும் வைத்துக்கொண்டோம். அது பாட்டா தம் கையால் குளித்தெடுத்துத் தந்தது. அதன் அடியில் அவர் பெயரையும், இடத்தையும், அவருக்கு நினைவிருந்த ஆண்டையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். மற்றவற்றை எங்கள் பள்ளி அறிவியல் கூடத்துக்குக் கொடுத்துவிட்டோம். பவளத் துண்டையும் கடற்குதிரையையும் உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பை ஆசிரியை ஏற்றுக்கொண்டார்.

எங்கள் நோட்டில் இன்று 143 சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருள், சொன்னவர், சொன்ன நாள் என்று மூன்று கட்டங்கள். பழைய தவற்றை மறுபடியும் செய்யக் கூடாது அல்லவா? அந்தச் சொற்களுள் சிலவற்றைச் சொல்லித் தந்த முதியவர் ஒருவர் இந்தத் தவக்காலத்தில் காலமானார். அவர் சொல்லிய ஒன்பது சொற்கள் எங்கள் நோட்டில் இருக்கின்றன. இன்னும் எத்தனை சொற்கள் அவரோடு போயினவோ! நாங்கள் ஓராண்டு முன்னதாகத் தொடங்கியிருக்கலாம் என்று அன்று தோன்றியது.

ஆகவே தோழியரே, சேகரியுங்கள். சேகரிக்கும் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் எடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை எடுத்தால் யாருக்குக் குறையும்? இதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இதை நான் யாருக்குக் கொடுக்கப் போகிறேன்? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் எடுங்கள். இல்லையென்றால், அழகான ஒன்றைப் பார்த்து மகிழ்ந்து அங்கேயே விட்டுவிட்டு வருவதற்கும் ஒரு மனம் வேண்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டாவோ பாட்டியோ இருப்பார்கள். உப்பளத்தில் உழைத்தவர்களாக இருக்கலாம், துறைமுகத்தில் சுமை ஏற்றியவர்களாக இருக்கலாம், பனங்காட்டில் பதநீர் இறக்கியவர்களாக இருக்கலாம். அவர்களிடமும் ஒரு சொற்பெட்டி உண்டு. விடுமுறையில் போய்த் திறந்து பாருங்கள். கிடைத்ததை எங்களிடம் கொண்டுவாருங்கள். எங்கள் நோட்டில் இன்னும் நிறையப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி, தன் இரு தோழியருடன்